ஆட்டம் முடிந்ததும் உயரும் வீடு

மட்டாஞ்சேரியில் இசக்கிதுரையின் வீடு ஒவ்வொரு கால்பந்தாட்டத்துக்குப் பிறகும் நான்கு விரல் உயர்ந்தது. கூட்டம் அதிகமான ஆட்டமென்றால் ஒரு சாண். சுவரில் விரிசல் விழவில்லை, அடுப்பில் வைத்த பால் தளும்பவில்லை. காலையில் கதவைத் திறந்து கால் வைத்தவர்கள்தான் தெரு கீழே போயிருப்பது தெரியாமல் தடுமாறினார்கள். ஊரில் யாரும் பெரிதாக வியக்கவில்லை. வெள்ளத்துக்குப் பயந்து வீட்டையே ஜாக்கி வைத்துத் தூக்குகிற நாடு இது. அதற்கென்றே வடக்கேயிருந்து ஆட்கள் வந்து தங்கியிருக்கிறார்கள். எறணாகுளம் பிராட்வே சந்தையில் மூட்டை சுமக்கிறவனுக்கு அந்த வசதி எங்கிருந்து வந்தது என்பதுதான் ரேஷன் கடை வரிசையில் பேச்சு. இசக்கிதுரை எதையோ மறைக்கிறான் என்று எல்லோரும் நினைத்தார்கள். அவன் மனைவி மாடத்தியும் அப்படித்தான் நினைத்தாள்.

மாடத்திக்குச் சந்தேகம் உடன்பிறந்தது. மீன்காரன் சிரித்துப் பேசினால் உடனே மீனின் செவுளைத் திறந்து பார்ப்பவள். எறணாகுளத்தில் பெரிய ஆட்டங்கள் முடிந்தபின் ஸ்டேடியத்தைக் கூட்டிப் பெருக்கும் ஒப்பந்த வேலை அவளுக்கு. அந்த வருஷம்தான் ‘குப்பையில்லா ஆட்டம்’ என்று ஊர் முழுக்க பேனர் கட்டினார்கள். பேனரே குப்பைதானே என்று அவள் கேட்டதற்கு சூப்பர்வைசர் கேசவ் இன்னொரு பேனரை விரித்துக் கட்டினான். ஆனால் சொன்னது சொன்னபடி நடந்தது. கடைசி விசில் ஊதி, மஞ்சள் சட்டைக் கூட்டம் கத்திக்கொண்டே வெளியேறியதும் பார்த்தால், இருக்கைகளுக்கு அடியில் ஒரு தண்ணீர் பாட்டில் கிடையாது, ஒரு காகிதக் கப்பு கிடையாது, கழுவிக் கவிழ்த்த தட்டு மாதிரி இருந்தது. டிவிக்காரர்கள் படம் பிடித்தார்கள். யாரோ வந்து விருது கொடுத்தார்கள். பெருக்குகிற பெண்கள் சும்மா நின்றுவிட்டு, சாயா குடித்துவிட்டுத் திரும்பினார்கள்.

“எல்லாத்தையும் மெஷின் தின்னுது சேச்சி” என்றான் கேசவ்.

“வாயின்னு ஒண்ணு இருந்தா வயிறுன்னு ஒண்ணு எங்கயாவது இருக்கணும்லா?” என்றாள் மாடத்தி.

வீட்டிலோ இசக்கிதுரைக்குத் தலைகால் புரியாத சந்தோஷம். கார்த்திகை பிறந்து கடல் பெருகும் நாட்களில் கால்வாய் வழியே ஏறிவரும் ஓதநீர் வருஷா வருஷம் அவன் கட்டில் காலை நனைத்துவிட்டுத்தான் போகும். இந்த வருஷம் வாசலோடு திரும்பியது. இசக்கியம்மன் தூக்கி வைத்திருக்கிறாள் என்று முடிவு கட்டி, பொங்கலிட்டு, சேவலும் அறுத்தான். மாடத்தி அவன் சட்டைப்பையைத் துழாவினாள், ஜாக்கி ஆட்களிடமே நேரில் போய் விசாரித்தாள், ஒன்றும் அகப்படவில்லை. திரும்பிய தண்ணீர் எங்கே போயிற்று என்பதை மட்டும் விசாரிக்க வேண்டியிருக்கவில்லை. அது எதிர்வீட்டு ஷபானாவின் வீட்டுக்குள் போயிற்று. ஷபானா தன் தையல் மிஷினைச் செங்கல்மேல் ஏற்றினாள், பிறகு மேசைமேல் ஏற்றினாள், நோயில் கிடந்த உம்மாவைக் கட்டிலோடு உயர்த்தினாள். இந்தத் தெருவுக்கு வந்த நாள் முதல் கறி மாற்றிக்கொள்ளும் வீடுகள் அவை. இப்போது கிண்ணத்தைத் திருப்பித் தரும்போது ஷபானா முகம் பார்ப்பதில்லை. வீட்டைக் காலி செய்து ஏலூர்ப் பக்கம் போகப் போகிறாள் என்பதை மாடத்தி மூன்றாம் ஆள் சொல்லித்தான் கேட்டாள். பிழைக்க வந்த இந்த ஊரில் அவளுக்கென்று இருந்த ஒரே மனுஷி ஷபானா.

வீடு உயர உயரப் படி கட்ட வேண்டியிருந்தது. ஆட்டத்துக்கு மறுநாள் காலை, படிக்கு அஸ்திவாரம் தோண்ட வாசலோரம் கடப்பாரை போட்ட மாடத்தி மண்ணைக் காணவில்லை. தண்ணீர் பாட்டில், பிரியாணிப் பொட்டலம், மஞ்சள் கொடி, ஊதி ஊதிக் கிழிந்த பீப்பி, எல்லாம் கொத்தனார் வைத்துக் கட்டியது போல அடுக்கடுக்காக இறுகிக் கிடந்தன. மேலடுக்கிலிருந்த காகிதக் கப்புகளில் மிச்சச் சாயா இன்னும் ஆறவில்லை. கடப்பாரையை இழுத்ததும் உள்ளேயிருந்து பல்லாயிரம் தொண்டைகள் ‘கோல்’ என்று அலறின. மாடத்தி ஒரு கல்லை வைத்து அந்த ஓட்டையை அடைத்தாள்.

தன் வீட்டுக்கு மட்டும் ஏன் என்று அவளுக்கு அங்கேயே விளங்கிவிட்டது. மற்றப் பெண்கள் கம்பெனி விளக்குமாற்றை ஸ்டேடியத்திலேயே போட்டுவிட்டு வருவார்கள். விளக்குமாறு லட்சுமி, அதை அந்நியர் இடத்தில் தங்க விடக் கூடாது என்பது மாடத்தியின் பிறந்த வீட்டு வழக்கம். சொந்த விளக்குமாற்றோடு போய், அதை மடியில் வைத்துப் படகேறி வந்து, தன் கதவுக்குப் பின்னால் சாத்தி வைப்பாள். உனக்கு இங்கே இடமில்லை என்று பேனர் கட்டித் துரத்திவிட்ட குப்பை வேறெங்கே போகும்? தெரிந்த விளக்குமாற்றின் பின்னாலேயே வந்துவிட்டது.

“அம்மனோ குப்பையோ, வீடு காஞ்சு கெடக்குல்லா? வாய வச்சுக்கிட்டுச் சும்மா இரி” என்றான் அவள் சொல்லக் கேட்ட இசக்கிதுரை.

அவளால் இருக்க முடியவில்லை. விளக்குமாற்றையும் தீப்பெட்டியையும் எடுத்துக்கொண்டு எதிர்வீட்டுக்குப் போனாள். ஷபானா முட்டளவு தண்ணீரில் நின்று பாத்திரம் பொறுக்கிக்கொண்டிருந்தாள். மாடத்தி எல்லாவற்றையும் சொல்லி அழுதாள். உன் கண் முன்னாலேயே இதைக் கொளுத்திவிடுகிறேன் என்றாள். ஷபானா திட்டுவாள் என்று எதிர்பார்த்தாள். அவள் தீப்பெட்டியை மட்டும் வாங்கி அலமாரிமேல் வைத்தாள்.

“கொளுத்த வேண்டா சேச்சி. அடுத்த பந்துகளி கழிஞ்சா அது எங்க வீட்டுல இருக்கட்டும்.”

“அடியில கெடக்கது என்னன்னு தெரிஞ்சுமா கேக்க?”

“வெள்ளத்துல நிக்கறவளுக்கு அடியில எந்தா இருந்தா எந்தா?”

அடுத்த ஆட்டத்தில் எதிரணி படுதோல்வி. கூட்டம் சொல்லி மாளாது. ஷபானாவின் வீடு ஒரே நாளில் முழங்கால் உயரம் ஏறியது. உம்மாவின் கட்டில் தரைக்கு இறங்கியது, தையல் மிஷின் ஓடத் தொடங்கியது, மீன்கறிக் கிண்ணம் பழையபடி தெருவைக் கடந்தது. ஏலூர்ப் பேச்சு நின்றுபோயிற்று. ஓதநீர் இரண்டு வீட்டையும் முட்டிப் பார்த்துவிட்டுப் பின்சந்துக்குத் திரும்பி, அங்கே குடியிருந்த செல்லப்பாவின் வீட்டுக்குள் ஏறி, அவர் அரிசிப் பானையை மிதக்கவிட்டது. செல்லப்பா விஷயம் கேள்விப்பட்டு வந்து, ஷபானாவின் வாசற்படியில் நின்று விளக்குமாற்றைக் கேட்டார். ஷபானா மாடத்தியைப் பார்த்தாள்.

“இன்னும் ஒரே ஒரு களி கூடிக் கழியட்டும் அண்ணாச்சி. வீடு நல்லா உறச்சு நிக்கட்டும்” என்றாள் ஷபானா.

மாடத்தி மறுத்துப் பேசியிருக்கலாம். தன் வீட்டுக்கும் இன்னும் ஒரு சாண் கிடைத்தால் நல்லது என்று அவள் அன்று காலைதான் நினைத்திருந்தாள். செல்லப்பாவுக்குக் கோபம் வரவில்லை. அதற்கடுத்த ஆட்டம் என்றைக்கு என்று மட்டும் கேட்டார். மாடத்தி தேதியைச் சொன்னாள். அவர் வேட்டியை மடித்துக் கட்டிக்கொண்டு தண்ணீரில் இறங்கினார்.