கேமரா தெருவைப் பார்க்கட்டும்

"வானதி, சேர்ல உட்கார்ந்திருக்கறது யாரு?"

குரல் வாசல் விட்டத்தில் மாட்டியிருந்த கேமராவிலிருந்து வந்தது. சிங்கப்பூரிலிருந்து அவள் கணவன் ராம்கி கேட்கிறான். நடவுக்குப் பெண்களைக் கூட்டிவரும் ராசம்மாள், கையிலிருந்த காபி டம்ளரைக் கீழே வைத்துவிட்டாள்.

"ராசம்மாக்காங்க. நடவு பேசிக்கிட்டிருக்கோம்" என்றாள் வானதி, விட்டத்தைப் பார்த்து.

"நின்னுக்கிட்டுப் பேசினா ஆகாதா?"

ராசம்மாள் எழுந்துவிட்டாள். "எங்கப்பன் காலத்துல வாசல்ல நின்னோம். இப்போ சிங்கப்பூர்லேருந்து நிக்கச் சொல்றீங்களா? வேற ஆள் பாத்துக்குங்க, வானதிம்மா."

வானதி தெருமுனை வரை பின்னாலேயே ஓடினாள். ராசம்மாள் திரும்பிப் பார்க்கவில்லை.

நாற்றுக்கு அன்று இருபத்தெட்டாவது நாள். நாலு நாளில் நடாவிட்டால் முற்றிப்போகும். வயலோ தண்ணீர் தேங்கும் பள்ளக்கால், நடவு மெஷின் இறங்கினால் புதைந்துவிடும். கை நடவுக்கு ராசம்மாளின் பதினான்கு பேரை விட்டால் அந்தப் பக்கத்தில் ஆளில்லை.

நாலு மாதம் முன்பு லீவில் வந்த ராம்கி, பாதுகாப்புக்கென்று மாட்டிவிட்டுப் போன கேமரா அது. வாசலையும் கூடத்தையும் பார்க்கும்படி வைத்தான். அன்றிலிருந்து தினமும் ஒரு போன். பத்து மணிக்கு எங்கே போனாய்? பைக்கில் வந்தது யார்? அம்மாவுக்கு இது ரெண்டாவது காபியா? மாமியார் தர்மாம்பாள் இப்போதெல்லாம் இரண்டாவது காபியை மாட்டுக் கொட்டகையில் நின்று குடிக்கிறாள்.

அன்று மத்தியானம் வானதி பீரோவிலிருந்து ஒரு தாளை எடுத்தாள். போன வாரம் ஏட்டு குஞ்சிதபாதம் வீடுவீடாகக் கொடுத்துவிட்டுப் போனது. வீட்டுக் கேமராவை ஸ்டேஷனில் பதிவு செய்துகொள்ளலாம், கட்டாயமில்லை என்று போட்டிருந்தது. 'போலீஸ் விவகாரமெல்லாம் நமக்கெதுக்கு' என்று ராம்கி அப்போதே சொல்லிவிட்டான்.

ஸ்டேஷனில் ஏட்டு தாளை வாங்கிப் பார்த்தார். "உரிமையாளர்னு உங்க பேரைப் போட்டிருக்கீங்க?"

"ஆமா சார்."

"வீட்டுக்காரர் பேரு போடலையா?"

"அவர் சிங்கப்பூர்ல இருக்கார். கேமரா இங்கதான் இருக்கு. ஏதாவது நடந்தா நீங்க வந்து கேட்கப்போறது என்னையத்தானே?"

ஏட்டு சிரித்தார். "அது சரிதான். நாங்க எந்நேரமும் பாக்கமாட்டோம்மா. தெருவுல திருட்டு, விபத்துன்னா வந்து பதிவைக் கேப்போம், அவ்வளவுதான். கேமரா எந்தப் பக்கம் பாக்குது?"

"தெருவை."

"வாசலைத்தானே பாத்துச்சு? நான் வந்தப்போ என் மூஞ்சி முன்னாடியே இருந்துச்சே."

"இன்னிக்குச் சாயங்காலத்துலேருந்து தெருவை. எழுதிக்குங்க சார். பின்னாடி மாத்தினா?"

"மாத்தினா வந்து எழுதிக் கொடுக்கணும். நீங்கதான் கொடுக்கணும், பேரு உங்களுதாச்சே."

வீட்டுக்கு வந்ததும் ஸ்டூலை இழுத்துப் போட்டு ஏறினாள். தர்மாம்பாள் ஓடிவந்தாள்.

"ஏண்டி, என்ன பண்றே? அவன் பாத்துக்கிட்டிருப்பான்!"

"பாக்கட்டும் அத்தை. ஸ்டூல் ஆடுது, பிடிச்சுக்குங்க."

தர்மாம்பாள் ஒரு நொடி கேமராவைப் பார்த்தாள். பிறகு ஸ்டூலை இரண்டு கையாலும் பிடித்துக்கொண்டாள். "நல்லாத் திருப்பு. கொட்டகையில கொசு பிடுங்குது."

திருகாணியை முறுக்கி முடிப்பதற்குள் போன் அடித்தது.

"என்ன வானதி இது? தெருவுல ஆட்டுக்குட்டி போறதுதான் தெரியுது!"

"அதுக்குத்தானே கேமரா. என் பேர்ல ஸ்டேஷன்ல பதிவு பண்ணிட்டேன். தெருவைப் பாக்கும்னு எழுதிக் கொடுத்தாச்சு. இனி இதுல பேசணும்னா போறவங்க வர்றவங்ககிட்ட பேசிக்குங்க."

"என்னைக் கேக்காமலா?"

"நீங்க என்னைக் கேட்டா பாத்தீங்க?"



"நான் சந்தேகப்பட்டுப் பாக்கலைடி" என்றான் ராம்கி. குரல் இறங்கியிருந்தது. "ரூம்ல எட்டுப் பேரு. வேலை முடிஞ்சு வந்தா வீடு ஞாபகம் வருது. பாத்துக்கிட்டே இருப்பேன்."

வானதி ஸ்டூலிலிருந்து இறங்கினாள். ஆனாலும் விடவில்லை.

"ஞாபகம் வந்தா என்னைக் கூப்பிடுங்க, பேசறேன். எனக்குத் தெரியாம பாக்காதீங்க. இன்னொண்ணு. ராசம்மாக்கா இந்த வீட்ல உட்காருவாங்க. நான் போடற சேர்ல, நான் சொல்லி உட்காருவாங்க. அவங்க நம்பர் அனுப்பறேன். பேச வேண்டியது நீங்க."

"நானா? நீ போய் சொல்லக்கூடாதா?"

"அந்த வார்த்தையைச் சொன்னது நான் இல்லைங்க. நாத்து முத்திப்போனாலும் போகட்டும், உங்களுக்காக நான் போய்க் கேக்கமாட்டேன்."

மறுநாள் முழுக்க யாரும் வரவில்லை. அதற்கடுத்த நாள் காலை ஆறு மணிக்கு நாற்றங்காலில் பேச்சுச் சத்தம் கேட்டது. பதினான்கு பேரும் இறங்கி நாற்றுப் பறித்துக்கொண்டிருந்தார்கள். வானதி வரப்பில் ஓடினாள்.

"உங்க வீட்டுக்காரர் பேசினார்" என்றாள் ராசம்மாள், நிமிராமல். "முதல்ல அப்படி இப்படின்னு சுத்தினார். நேராச் சொல்லு தம்பின்னேன். சொன்னார்."

"என்னக்கா சொன்னார்?"

"அது எனக்குச் சொன்னது. உங்களுக்கெதுக்கு?"

பெண்கள் சிரித்தார்கள். வானதி புடவையைத் தூக்கிச் செருகிக்கொண்டு தானும் இறங்கினாள். முதல் நாற்று முடியைக் கட்டும்போது போன் அடித்தது.

"வந்துட்டாங்களா?" ராம்கிதான். "சரி… அந்தக் கேமராவை மட்டும் கொஞ்சமா, ஒரு கால் சுத்து திருப்பு…"

"முடியாது."

"வாசப்படி மட்டும்டி."

"கையெல்லாம் சேறுங்க, வேலை கிடக்கு. சாயங்காலம் வீடியோவுல கூப்பிடுங்க. நான் எடுத்தா பாத்துக்குங்க."