அ. ராஜமேரி நேரில் ஆஜராக வேண்டும்

1

இந்தக் கதை ஒரு கடிதத்திலிருந்து வந்தது. கடிதத்தை எழுதியவரும் அதைப் பெற்றுக்கொண்டவரும் ஒரே பெண். தட்டச்சு செய்தவன் நான். தருமபுரி பேருந்து நிலையத்துக்குப் பின்னால், ஆய்வேடுகளைத் தட்டச்சு செய்து பைண்டிங் போட்டுத் தரும் கடை வைத்திருக்கிறேன். இடையிடையே கதையும் எழுதுவேன். இதுவரை மூன்று கதைகள் வெளிவந்திருக்கின்றன. [இரண்டு. மூன்றாவது ஒரு கல்யாண மலரில் வந்தது. அதைக் கணக்கில் சேர்க்கலாமா என்று தெரியவில்லை.]

இதற்கு மூன்று தொடக்கங்கள் எழுதிப் பார்த்தேன்.

‘தொப்பூர் கணவாயில் லாரி கவிழ்ந்து தக்காளிகள் உருண்டோடிய அன்று ராஜமேரி—’

அன்று எதுவும் கவிழவில்லை. இந்த மாவட்டத்தில் கதை நடந்தால் தொப்பூரில் ஏதாவது கவிழ்ந்தாக வேண்டும் என்று எனக்கு ஒரு எண்ணம்.

‘முனைவர் பட்ட ஆய்வுக்கான தேசிய நெறிமுறைகளின் ஆறாவது—’

இதை என் மனைவியிடம் படித்துக் காட்டினேன். அவள் அடுப்பை அணைக்கப் போனவள் திரும்பி வரவில்லை.

மூன்றாவது தொடக்கம் நீங்கள் இப்போது படித்தது.

2

ராஜமேரிக்கு முப்பத்தொன்பது வயது. பாப்பிரெட்டிப்பட்டிக்காரர். பொருளியலில் முதுகலை முடித்துவிட்டு, ஒரு கல்லூரியில் கௌரவ விரிவுரையாளராக இருக்கிறார். முனைவர் பட்டம் இல்லாதவர்களுக்கு அடுத்த வருடம் வேலை இருக்காது என்று அங்கே ஒரு பேச்சு ஓடிக்கொண்டிருந்தது.

பாலக்கோடு தக்காளிச் சந்தையைப் பற்றி அவர் பகுதிநேர ஆய்வு செய்தார். பதிவு செய்தது 2016இல். விதிப்படி ஆறு வருடம், நீட்டிப்பு இரண்டு வருடம், பெண்களுக்குக் கூடுதலாக இரண்டு வருடம். அந்தப் பத்து வருடத்துக்குள் சவரியோடு கல்யாணம் நடந்தது, பிளசி பிறந்தாள், கொரோனா வந்து போனது, நெறியாளர் ஒருவர் ஓய்வு பெற்று இன்னொருவர் வந்தார். கெடு முடிய ஐந்து மாதம் இருந்தபோது ஆய்வேட்டைக் கொடுத்தார்.

கொடுத்த ஆய்வேட்டை, பிறர் எழுத்தைக் காப்பியடித்திருக்கிறதா என்று பார்க்கும் மென்பொருளில் போடுவார்கள். நாற்பத்தொரு சதவீதம் என்று வந்தது. பத்து வரை பரவாயில்லை. நாற்பது வரை என்றால் திருத்தி ஆறு மாதத்துக்குள் கொடுக்கலாம். நாற்பதைத் தாண்டினால் ஒரு வருடத்துக்குத் திருப்பிக் கொடுக்க முடியாது. ராஜமேரியிடம் ஒரு வருடம் இல்லை.

எங்கிருந்து காப்பியடித்தார் என்பதையும் மென்பொருள் சொன்னது. பெரும்பகுதி ஒரே இடத்திலிருந்து: 2018இல் ஓர் ஆய்விதழில் வந்த கட்டுரை. எழுதியவர் அ. ராஜமேரி.*

* அருளப்பன் மகள் ராஜமேரி. கல்யாணத்துக்குப் பிறகு சவரியின் ‘ச’ வந்தது. ஆய்வேடு கொடுக்கும் முன் ஒரு கட்டுரையாவது வெளியிட்டிருக்க வேண்டும் என்பது அவர் பதிவு செய்த காலத்து விதி. அந்த விதிக்குப் பணிந்ததால் இந்த விதியில் மாட்டினார். தனித்தனியாகப் பார்த்தால் இரண்டுமே நல்ல விதிகள்.

3

பல்கலைக்கழகத்தில் ஆராய்ச்சிப் பிரிவின் கண்காணிப்பாளர் நிர்மலாதேவி. அவரை வில்லியாக எழுதலாம் என்று உட்கார்ந்தேன், முடியவில்லை. ராஜமேரியை உட்காரவைத்துத் தண்ணீர் கொடுத்திருக்கிறார். சொந்தக் கட்டுரையைக் கழித்துவிடலாம், அதற்கு வழி இருக்கிறது என்றும் சொல்லியிருக்கிறார். ஆனால் கட்டுரை அ. ராஜமேரியுடையது, ஆய்வேடு ச. ராஜமேரியுடையது.

“நீங்கதான் அவங்கன்னு எனக்குத் தெரியுதுங்க. ஃபைலுக்குத் தெரியாதுங்களே.”

ராஜமேரி ஒரு நோட்டரியிடம் போய், இருவரும் ஒருவரே என்று உறுதிமொழிப் பத்திரம் வாங்கி வந்தார். அதில் ச. ராஜமேரி மட்டும்தான் கையெழுத்திட்டிருக்கிறார், எதிர்த்தரப்பின் கையெழுத்து இல்லை என்று சட்டப் பிரிவு திருப்பி அனுப்பியது. பிறகு ஒரு கடிதம் வந்தது. விசாரணைக் குழு கூடுகிறது; அ. ராஜமேரி எழுத்துமூலமான ஒப்புதலுடன் நேரில் ஆஜராக வேண்டும். ச. ராஜமேரியும் வர வேண்டும்.

கடிதம் இரண்டு உறைகளில் வந்தது. தபால்காரர் இரண்டையும் சவரியிடம் கொடுத்திருக்கிறார். சவரி, “ஒண்ணு வந்தா போதுமேங்க” என்றாராம்.

4

ஒரு சனிக்கிழமை மத்தியானம் ராஜமேரி என் கடைக்கு வந்தார். ஒப்புதல் கடிதம் அடிக்க வேண்டும் என்றார். அவர் சொல்லச் சொல்ல அடித்தேன். ‘அனுப்புநர்: அ. ராஜமேரி. பெறுநர்: ச. ராஜமேரி. என் கட்டுரையைத் தங்கள் ஆய்வேட்டில் பயன்படுத்திக்கொள்ள எனக்கு எந்த—’

அங்கே நிறுத்தினார். மின்விசிறியைப் பார்த்துக்கொண்டிருந்தார். ‘ஆட்சேபமும் இல்லை’ என்று நானே முடித்துவிட்டேன்.

“அத எடுங்கண்ணா. அவ ஒத்துக்க மாட்டா.”

“யாருங்க மேடம்?”

“அ. ராஜமேரி.”

[இந்த இடத்தில் என் கதாபாத்திரத்தைச் சந்தேகித்தேன். வெயிலில் வந்திருக்கிறார், பதற்றம். மோர் வாங்கி வரச் சொல்லலாமா என்று யோசித்தேன்.]

பிறகு அவர் சொன்னது இதுதான். கட்டுரையில் ஒரு வரி உண்டு: ‘பேரத்தில் விவசாயியின் பலவீனம் விலையில் இல்லை, நேரத்தில் இருக்கிறது, வாங்குபவர் நாளையும் வரலாம், தக்காளி நாளைக்கு இராது.’ ஆய்விதழின் ஆசிரியர் அந்த வரியைத்தான் பாராட்டினார். ஆய்வேட்டின் முடிவுரையும் அதன் மேல்தான் நிற்கிறது. அந்த வரியைச் சொன்னது பாலக்கோட்டுப் பக்கத்தில் அரை ஏக்கரில் தக்காளி போடும் மாதம்மாள். பேட்டி எடுத்தபோது ராஜமேரி அதைக் குறித்துக்கொண்டு, கொஞ்சம் நீட்டி, தன் வரியாகப் போட்டுவிட்டார். மென்பொருளுக்கு அது தெரியவே தெரியாது. மாதம்மாள் எங்கும் அச்சில் வந்ததில்லை.

ராஜமேரி பையை எடுத்துக்கொண்டு பாலக்கோடு பஸ்ஸைப் பிடிக்கப் போனார்.

5

[அங்கே நான் இல்லை. அவர் சொன்னதை வைத்து எழுதுகிறேன்.]

மாதம்மாள் பழம் பொறுக்கிக்கொண்டிருந்தார். ராஜமேரி கட்டுரையை எடுத்து அந்த வரியை வாசித்துக் காட்டினார்.

“நான் இவ்ளோ நீளமா பேசலீங்களே” என்றார் மாதம்மாள்.

நீட்டியது தான்தான் என்று ராஜமேரி ஒப்புக்கொண்டார். மாதம்மாள் பொறுக்குவதை நிறுத்தவில்லை.

“அன்னைக்கு மூணு பொட்டித் தக்காளிய ரோட்டுல கொட்டிட்டு வந்து நின்னேங்க. அப்பச் சொன்னது.”

மன்னிப்புக் கேட்க ராஜமேரி வழி நெடுக ஒரு வாக்கியம் தயார் செய்திருந்தார். இப்போது என்ன செய்யட்டும் என்று மட்டும் கேட்டார்.

“எம் பேரப் போடுங்க. நான் பேசறதெல்லாம் வெட்டிப் பேச்சுங்கறான் எம்மவன் நவநீதன். பாக்கட்டும்.”

ராஜமேரி திரும்பி வந்து கடிதத்தை முடித்தார். அ. ராஜமேரி ஒப்புதல் தருகிறார், ஒரே நிபந்தனை: அந்த வரி யாருடையதோ அவருக்குப் போக வேண்டும்.

6

விசாரணைக் குழுவில் மூன்று பேர். தலைவர் பேராசிரியர் கலைவாணன். எதிரே இரண்டு நாற்காலிகள், இரண்டு டீ. ராஜமேரி ஒன்றில் உட்கார்ந்தார். பையை இன்னொன்றில் வைக்கப் போனார், அது அ. ராஜமேரிக்கு என்று உதவியாளர் தடுத்துவிட்டார்.

இன்னொருவர் எங்கே என்று கலைவாணன் கேட்டார். வந்திருக்கிறார் என்றார் ராஜமேரி. வருகைப் பதிவேட்டில் இரண்டு இனிஷியலிலும் கையெழுத்துப் போட்டார். குழு அதை வெகுநேரம் பார்த்தது. ‘அ’ போட்ட கையெழுத்தில் ‘ரா’வின் கால் நீளமாக இருந்தது, பத்து வருடத்துக்கு முந்தைய பதிவுப் படிவத்திலும் அப்படியே. அதில் குழுவுக்கு ஒரு நிம்மதி. பிறகு கடிதத்தைப் படித்தார்கள். நிபந்தனை வந்த இடத்தில் கலைவாணன் கண்ணாடியைக் கழற்றினார்.

“இந்த வரிக்கு உங்க கட்டுரையத் தவிர வேற எதுவும் ரிப்போர்ட்ல வரலியேம்மா. அதக் கழிச்சா ஜீரோ காட்டுது.”

“ஆமாங்க சார். ஆனா நான் திருடுனது அது ஒண்ணுதான்.”

இரண்டாவது டீயில் ஆடை படிந்துகொண்டிருந்தது.

பேசி முடிவெடுக்க ஒரு மணி நேரம் ஆனது. தீர்மானத்தின் நகல் என்னிடம் இருக்கிறது, நான்தான் பைண்டிங்கில் சேர்த்தேன். ‘அழைக்கப்பட்டோர் இருவர். வந்தோர் ஒருவர். வராதோர் எவருமில்லை.’ கட்டுரையைக் கழித்தார்கள். நாற்பத்தொன்று ஒன்பதாக இறங்கியது. அந்த ஒரு வரியை மட்டும் திருத்தி இரண்டு வாரத்தில் தரச் சொன்னார்கள். ஆனால் பேட்டி கொடுத்தவர்களின் பெயரை வெளியிடக் கூடாது என்பது ஆய்வு நெறி; ராஜமேரியே அதற்கு உறுதி எழுதிக் கொடுத்திருக்கிறார். ஆகவே வரியை மேற்கோள் குறிக்குள் போட்டு, சொன்னவர் பெயர் வர வேண்டிய இடத்தில் பேட்டி வரிசையில் அவருடைய எண்ணை, ‘பதிலளிப்பாளர் 37’ என்று போடலாம்.

ராஜமேரி மாதம்மாளுக்குப் போன் செய்தார். பெயருக்குப் பதில் எண்தான் வரும் என்று சொன்னார்.

“பொட்டிக்குத்தாங்க நம்பர் போடுவாங்க” என்றார் மாதம்மாள்.

7

ஆய்வேடு ஏற்கப்பட்டது. பத்து வருடம் முடிய நாற்பது நாள் இருக்கிறது. வாய்மொழித் தேர்வுக்கான அறிவிப்பை நான்தான் தட்டச்சு செய்தேன்: அடுத்த செவ்வாய், காலை பதினொன்று, பொதுமக்களும் வரலாம், கேள்வியும் கேட்கலாம்.

முடிவு அ: புறத்தேர்வாளர் அந்த வரியைப் பாராட்டுகிறார். ராஜமேரி நன்றி சொல்கிறார். கைதட்டல், சமோசா. [எழுதிவிட்டு அழித்தேன்.]

முடிவு ஆ: யாரோ, முப்பத்தேழு யார் என்று கேட்கிறார். ராஜமேரி பெயரைச் சொல்கிறார். அவர் எழுதிக் கொடுத்த உறுதி மீறப்படுகிறது. நிர்மலாதேவி ஒரு புதிய ஃபைலை—

இதை முடிக்க முடியவில்லை. நேற்று ராஜமேரி கடைக்கு வந்தார். உள்ளே வராமல் கேட்டார்: “யாராச்சும் கேட்டா பேரச் சொல்லிரலாமாண்ணா?” எனக்குத் தெரியவில்லை என்றேன். கேட்டால் சொல்லிவிடுவேன், யாரும் கேட்காமல் போய்விடுவார்களோ என்றுதான் பயமாக இருக்கிறது என்று சொல்லிவிட்டுப் போனார்.

அவருக்கு அறிவுரை சொல்ல எனக்குத் தகுதியும் இல்லை. இந்தக் கதைக்கும் அந்த வரியைத்தான் எடுத்துப் போட்டிருக்கிறேன். அதைச் சொன்னவர் பெயர் மாதம்மாள் இல்லை. அவர் கேட்டது தன் பெயரை. வம்பு வேண்டாம் என்று நான் வேறொன்றை வைத்தேன்.

செவ்வாய்க்கிழமை நான் போவேன், கடைசி வரிசையில் உட்காருவேன். வாயைத் திறக்க மாட்டேன், என்னைப் பற்றி எனக்குத் தெரியும். நீங்கள் வாருங்கள். அறிவிப்பில் இருக்கிறது, யாரும் தடுக்க முடியாது. எழுந்து நின்று, முப்பத்தேழாவது ஆளின் பெயர் என்னவென்று கேளுங்கள்.