மோலி கல்யாணத்தின் இரண்டாவது டிஸ்க்

இதில் வரும் ஒவ்வொரு சொல்லும் சத்தியம். வேதப்புத்தகத்தின் மேல் வலது கையை வைத்து எலியேசர் சொன்னது; கூட்டவும் இல்லை, குறைக்கவும் இல்லை. சந்தேகப்படுகிறவர்கள் இப்போதே எழுந்து போய்விடலாம். பாதியில் எழுந்து நாற்காலியை இழுத்துச் சத்தம் போடக் கூடாது.

எலியேசர் மைசூரில் முப்பத்து நான்கு வருஷம் தலைமை எழுத்தராக இருந்து ஓய்வு பெற்றவர். அப்பேர்ப்பட்ட மனுஷர் மேல் ஒரே ஒரு அவதூறு உண்டு. இருபது வருஷத்துக்கு முன் மகள் மோலியின் கல்யாணத்தில், பாஸ்டர் பிரசங்கம் செய்துகொண்டிருந்தபோது, பெண்ணைப் பெற்ற தகப்பன் முன்வரிசையில் உட்கார்ந்து குறட்டை விட்டார் என்பது. கிளப்பிவிட்டவன் வேறு யாருமில்லை, மனைவி ரெபேக்காவின் தம்பி மேக்ஸ்வெல். கிறிஸ்துமஸ், ஞானஸ்நானம், துக்க வீடு என்று எதையும் அவன் விட்டுவைத்ததில்லை. கல்லறைத் தோட்டத்தில் பெட்டி இறங்கும்போதுகூடக் காதோரம் வந்து, "அத்தான், இங்கயும் தூங்கிராதீங்க" என்பான்.

"கண்ண மூடி ஜெபம் பண்ணிட்டு இருந்தேன்டா!" என்று எலியேசரும் இருபது வருஷமாகக் கத்திக்கொண்டிருக்கிறார்.

"ஜெபத்துக்கு எதுக்கு அத்தான் அவ்ளோ சத்தம்?"

ஆதாரம் இல்லாமலில்லை. ஸ்டூடியோக்காரர் அப்போதே இரண்டு டிவிடி கொடுத்திருந்தார். முதலாவதில் மோலியும் மாப்பிள்ளை ஆஷ்லியும் ஒரு சிவப்பு இதயத்துக்குள் சுற்றிக்கொண்டிருப்பார்கள்; கேக், சாப்பாடு, மேடை எல்லாம் அதில்தான். இரண்டாவதில் சர்ச் ஆராதனை மட்டும், இரண்டு மணி நேரம். கல்யாணத்தின் இரண்டாவது டிஸ்க்கைப் போட்டுப் பார்த்த குடும்பம் இந்தப் பூமியில் கிடையாது. அது ரெபேக்காவின் பீரோவில், பட்டுச்சேலைகளுக்கு அடியில், பாச்சை உருண்டை வாசத்தோடு கிடந்தது. வீட்டு டிவிடி பிளேயரோ எப்போதோ பழைய சாமான்காரரோடு போய்விட்டது.

இப்படியிருக்க, ஒரு வாரம் மோலி போன் செய்தாள். ஸ்பீக்கரில் போட்டிருந்தது. டீயில் ரஸ்க்கை முக்கியபடி மேக்ஸ்வெலும் பக்கத்தில்தான் இருந்தான்.

"அப்பா, ஞாயித்துக்கெழம எங்க இருபதாவது வெட்டிங் டே. அந்த ரெண்டாவது டிஸ்க்க யாராச்சும் பென் டிரைவ்ல காப்பி பண்ணிக் குடுங்களேன். டிவில போட்டு எல்லாரும் பாப்போம்."

மேக்ஸ்வெலின் முகத்தில் ஆயிரம் பல்பு எரிந்தது. "பாப்போம், பாப்போம்! யாரு ஜெபம் பண்ணா, யாரு குறட்ட விட்டான்னு கர்த்தரே காட்டிக் குடுக்கப் போறார்."

எலியேசருக்கு உச்சி முடி நட்டுக்கொண்டது. "குடு ரெபேக்கா, நானே காப்பி பண்றேன். இவன் கைல போச்சுன்னா வெட்டி ஒட்டி என்னப் பொணமாவே காட்டிருவான்."

"அத்தான், உங்க போன்ல டார்ச் எரிஞ்சாலே அணைக்கத் தெரியாம தலகாணிக்கு அடில வெக்கிறவரு நீங்க."

"அக்கா புருஷன்கிற மரியாத கொஞ்சமாச்சும் இருக்காடா ஒனக்கு?"

பக்கத்து வீட்டு முரளிதரன் குடும்பத்தோடு சொந்த ஊரான கௌதள்ளிக்குப் போயிருந்தார். செடிகளுக்குத் தண்ணீர் விடச் சொல்லிச் சாவியை எலியேசரிடம்தான் கொடுத்திருந்தார். முன்னறையில் கம்ப்யூட்டர் இருக்கிறது. தண்ணீர் விடச் சொன்னவர் கம்ப்யூட்டரைத் தொடக் கூடாது என்று சொல்லவில்லையே.

சனிக்கிழமை காலை பத்து மணிக்கு எலியேசர் உள்ளே போய்க் கதவைத் தாழிட்டுக்கொண்டார். டிஸ்க்கைப் பனியன் நுனியால் நடுவிலிருந்து வெளிப்பக்கமாகத் துடைத்தார். வட்டமாகத் துடைத்தால் கீறல் விழும். பட்டனை அழுத்தியதும் தட்டு நாக்கை நீட்டியது. டிஸ்க்கை வைத்தார். நாக்கு உள்ளே போனது.

காப்பி கொடுத்ததும் திரை 'ஏழு நிமிடம்' என்றது. பிறகு 'இரண்டு மணி நேரம்' என்றது. பிறகு 'பதினொரு நாள்'. அப்புறம் ஒன்றுமே நடக்காததுபோல் 'நான்கு நிமிடம்'. எலியேசருக்குப் பற்றிக்கொண்டு வந்தது. அவர் ஆபீஸில் எந்தக் குமாஸ்தாவாவது இப்படி வாய்க்கு வந்ததைச் சொல்லியிருந்தால் அன்று சாயங்காலமே மெமோ போயிருக்கும்.

டிஸ்க் சுழன்ற வேகத்துக்கு இருபது சதவீதத்தில் ஜன்னல் திரை எழுந்து நின்றது. நாற்பதில் மேஜை இரண்டடி நடந்தது. அறுபதில், அணைத்து வைத்திருந்த மின்விசிறி எதிர்ப்பக்கமாகச் சுற்ற ஆரம்பித்தது. எண்பதில் சுவர்க் காலண்டர் தானாகவே தாள் தாளாகக் கிழிந்து டிசம்பருக்கு வந்துவிட்டது. எலியேசர் அசரவில்லை. ஒரு கையால் மேஜையைப் பிடித்துக்கொண்டு படத்தையும் ஓடவிட்டார்.

நாற்பத்து மூன்றாவது நிமிடம். அதோ பாஸ்டர். அதோ முன்வரிசை. அதில் எலியேசர், தந்திக்கம்பம்போல் நிமிர்ந்து, இரண்டு கண்ணையும் அகல விழித்துப் பிரசங்கத்தைக் கேட்டுக்கொண்டிருந்தார். இருபத்திரண்டு நிமிடத்தில் ஒரு தடவைகூட இமைக்கவில்லை. அவர் தோளில் தலையைச் சாய்த்து, வாயைப் பிளந்து தூங்கிக்கொண்டிருந்தது யார்? மேக்ஸ்வெல்.

"அடப்பாவி!" என்று எலியேசர் எழுந்ததும், திரையில் தொண்ணூற்றொன்பது விழுந்ததும், தட்டு தெறித்ததும் ஒரே நொடி. டிஸ்க் ஜன்னல் வழியாகப் பறந்தது. தெருமுனையில் ஜடையனின் இளநீர் வண்டி நின்றது. டிஸ்க் அதில் மூன்று காய்களின் தலையை ஒரே சீராகச் சீவிவிட்டு மேலே ஏறியது.

ஜடையன் கையில் எடுத்த அரிவாளைக் கீழே வைத்துவிட்டான். "ஏனுங் சார், உங்க தட்டத் தெனமும் காலைல கொஞ்சம் அனுப்பி வெக்கறீங்களா? எனக்குக் கை வலி மிச்சமுங்க."

டிஸ்க் அக்ரஹாரத்துக் கோயில் கோபுரத்தை முறைப்படி இடமிருந்து வலமாக ஒரு சுற்றுச் சுற்றி, கிழக்கே போனது. சாயங்காலம், கர்நாடக எல்லையில் உள்ள பாலாறு செக்போஸ்ட் பக்கம் மாடு மேய்க்கும் ஜடையனின் மச்சினன் போன் செய்தான்: பளபளவென்று ஒன்று எல்லை தாண்டிப் போனதாம்; நம்பர் பிளேட் இல்லாததால் யாரும் நிறுத்தவில்லையாம். சாட்சி கேட்பவர்களுக்காகச் சொல்லிவிடுவது நல்லது: ஜடையன் மறுநாள் விடிகாலையே ஊருக்குப் போய்விட்டான். எந்த ஊர் என்று கேட்க எலியேசருக்குத் தோன்றவில்லை.

வீட்டில் ரெபேக்கா வெங்காயம் உரித்துக்கொண்டிருந்தாள்.

"டிஸ்க் எங்க?"

"தமிழ்நாட்டுல."

ரெபேக்கா நிமிர்ந்து பார்த்தாள். பிறகு வெங்காயத்தைப் பார்த்தாள். "பென் டிரைவ்ல?"

"தொண்ணூத்தொம்பது சதவீதம் ஏறிருச்சு. மிச்சம் ஒண்ணு ஏறலேன்னா மொத்தமும் செல்லாதாம்." எலியேசர் பென் டிரைவைத் தூக்கிக் காட்டினார். "முப்பத்தஞ்சு மார்க்குக்குப் பாஸ் போடற நாட்டுல, தொண்ணூத்தொம்பதுக்கு ஃபெயில் போடறான் ரெபேக்கா! கேக்கறதுக்கு நாதி இல்ல!"

ஞாயிற்றுக்கிழமை மோலி வீட்டுக் கூடத்தில் இதையெல்லாம் எலியேசர் வேதப்புத்தகத்தின் மேல் கை வைத்துச் சொன்னார். மேக்ஸ்வெல் பிரியாணித் தட்டோடு எழுந்துவிட்டான்.

"அய்யோ, பொய்! நான் எங்க தூங்கினேன்?"

"என் கண்ணால பாத்தேன்டா. தோள்ல எச்சில்கூட வடிச்சிருந்த."

"இல்லவே இல்ல! கல்யாணத்துக்கு மொத நாள் பூரா ஓடியாடி வேல செஞ்ச களைப்புல, சும்மா கண்ண மூடி..."

"ஜெபமா மாமா?" என்று மோலி கேட்டாள்.

கூடம் அதிர்ந்தது. ஆஷ்லிக்குப் புரையேறி, தலையைத் தட்டித் தண்ணீர் கொடுக்க வேண்டியிருந்தது.

"ஜெபத்துக்கு எதுக்குடா வாயப் பொளக்கணும்?" என்றார் எலியேசர். இருபது வருஷக் கோபம் அந்த ஒரு கேள்வியில் இறங்கியது.

அன்று முழுக்க மேக்ஸ்வெல் ஒவ்வொருவராகப் பிடித்துத் தான் தூங்கவில்லை என்று விளக்கிக்கொண்டிருந்தான். யாரும் நம்பவில்லை. டிவியில் முதல் டிஸ்க்கின் சிவப்பு இதயம் மட்டும், எப்போதோ யாரோ போனில் பிடித்து வைத்த படங்களாக, வந்து போனது. எலியேசர் இரண்டாவது தடவை பிரியாணி வாங்கிக்கொண்டார்.

முரளிதரன் திங்கட்கிழமை கௌதள்ளியிலிருந்து திரும்பினார். அவர் வீட்டில் இருப்பது ஒரே ஒரு கம்ப்யூட்டர். அதில் டிஸ்க் போடுகிற இடமே கிடையாது.