மார்ச் மாதப் பக்கம்

காலை பதினொன்றரை மணிக்கு, கையில் ஊசி ஏற்றி, பச்சை கவுன் மாட்டி, வெறும் வயிற்றோடு படுத்திருந்த ஜெபசீலியிடம் வந்து இன்சூரன்ஸ் மறுத்துவிட்டது என்று சொன்னார்கள்.

சொன்னவள் சரிதா. ஓசூரின் அந்தத் தனியார் மருத்துவமனையில் காப்பீட்டுக் கவுண்டரைப் பார்த்துக்கொள்பவள். கையிலிருந்த காகிதத்தைத் தமிழில் படித்துக் காட்டினாள். எடையைக் குறைக்க உணவுக் கட்டுப்பாடும் பயிற்சியும் டாக்டர் மேற்பார்வையில் செய்து பார்த்ததற்கு ஆதாரம் இல்லை. ஆகவே இந்த அறுவைச் சிகிச்சை தோற்றத்துக்காகச் செய்துகொள்வதாகக் கருதப்படுகிறது.

"தோற்றத்துக்கா?" என்றான் அவள் கணவன் ஜான்பீட்டர். கம்பெனி பஸ் ஓட்டுகிறவன். "ஒரு வருஷமா உக்காந்துக்கினே தூங்குது மேடம். படுத்தா மூச்சு நின்னுபோவுது."

"எனக்குத் தெரியுதுங்க. பேப்பர்ல இருக்கணும்னு கேக்குறாங்க."

ஜெபசீலிக்கு முப்பத்தொன்பது வயது, ஐந்தடி உயரம், நூற்று இருபத்தெட்டு கிலோ. சர்க்கரை எந்த மாத்திரைக்கும் அடங்கவில்லை. மூக்கண்டப்பள்ளியில் வீடு. பக்கத்துத் தொழிற்பேட்டையில் பிரேக் பாகங்கள் செய்யும் கம்பெனியில் பதினோரு வருடமாகத் தரப் பரிசோதனை வேலை. பெர்மனென்ட் ஆனதால் கம்பெனியின் குழுக் காப்பீடு இருந்தது. இரைப்பையைச் சுருக்கும் ஆபரேஷன் ஒன்றே வழி என்று டாக்டர் ஹரிணி சொன்னபோது, அந்தக் காப்பீட்டை நம்பித்தான் தலையாட்டினாள்.

ஹரிணி வந்தாள். நேராக விஷயத்துக்கு வந்தாள். "மயக்க மருந்து டாக்டர் பெங்களூர்ல இருந்து வந்திருக்கார். உங்களை மாதிரி மூச்சுத் திணறல் இருக்கறவங்களுக்கு அவர் இல்லாம நான் செய்ய மாட்டேன். இன்னைக்கு விட்டா மூணு வாரம். ஒரு ஹெர்னியா கேஸை முன்னாடி எடுத்துக்கறேன். மூணு மணி வரைக்கும் உங்களுக்காகத் தியேட்டரை வைக்க முடியும். டயட் எங்க பண்ணீங்க, யார்கிட்ட?"

"கம்பெனி மெடிக்கல் ரூம்லதான். வியாழக்கிழமை டாக்டர் வருவாரு. மாசா மாசம் நர்ஸ் எடை பார்த்து ரிஜிஸ்டர்ல எழுதுவா. பதினாலு மாசம்."

"அந்தப் பக்கங்கள் வேணும்."

ஜெபசீலி எச்.ஆர். அதிகாரி நவீன்குமாருக்குப் போன் செய்தாள். அவன் முதலில் மரியாதையாகத்தான் பேசினான். ரிஜிஸ்டர் கம்பெனியின் ஆவணம், ஹெட் ஆபீஸ் அனுமதி வேண்டும் என்றான். அரை மணி நேரம் கழித்து அவனே கூப்பிட்டான்.

"மேடம், மார்ச் மாசப் பக்கத்தைத் தவிர மத்ததெல்லாம் அனுப்பறேன். ஆனா ஒரு சின்ன கன்ஃபர்மேஷன் வேணும். வேலை ஒதுக்கினது சம்பந்தமா கம்பெனி மேல எந்தப் புகாரும் இல்லைன்னு வாட்ஸ்அப்ல ஒரு வரி போடுங்க."

மார்ச் மாதம் என்ன நடந்தது என்பது இருவருக்கும் தெரியும். பகல் ஷிஃப்டில், ஓடும் கன்வேயர் அருகே பாகங்களைப் பார்த்துக்கொண்டிருந்தவள் அப்படியே தூங்கிவிட்டாள். கை உள்ளே போய் இரண்டு விரல்கள் கிழிந்தன. அன்று வியாழக்கிழமை. கம்பெனி டாக்டர் தையல் போட்டுவிட்டு ரிஜிஸ்டரில் எழுதினார்: தூக்கத்தில் மூச்சுத் தடைபடுவதாகச் சந்தேகம், இயந்திரத்துக்குப் பக்கத்தில் வேலை தரக்கூடாது. கட்டுப் பிரித்த மறுநாளே அவளை அதே கன்வேயரில் நிற்க வைத்தார்கள்.

"போட்டுடு ஜெபா," என்றான் ஜான்பீட்டர். "நீ இருந்தாத்தான் மத்தது."

அவள் போட்டாள். இரண்டு முறை எழுதி அழித்து, மூன்றாவது முறைதான் அனுப்பினாள்.

பக்கங்கள் வந்தன. சரிதா உடனே அனுப்பினாள். ஒன்றே முக்காலுக்குப் பதில் வந்தது. டயட் ஆதாரம் ஏற்கப்பட்டது. ஆனால் மூச்சுத் தடைக்கான தூக்கப் பரிசோதனை போன வாரம்தான் செய்யப்பட்டிருக்கிறது. அதற்கு முன்னால் எந்த டாக்டராவது அதைப் பதிவு செய்திருக்கிறாரா?

கம்பெனி டாக்டர் மார்ச்சிலேயே பதிவு செய்திருந்தார். அந்த ஒரு பக்கம்தான் வரவில்லை.

நவீன்குமார் போனை எடுக்கவில்லை. மூன்றாவது முறை கட் செய்தான்.

ஜெபசீலி மெடிக்கல் ரூம் நர்ஸ் பிரவீனாவின் எண்ணைத் திறந்து வைத்துக்கொண்டு பார்த்தாள். பிரவீனா கம்பெனி ஆள் இல்லை. ஏஜென்சி மூலம் வந்தவள். பர்கூரிலிருந்து தினமும் பஸ்ஸில் வருபவள். அவளிடம் எதைக் கேட்கப்போகிறோம், அதனால் அவளுக்கு என்ன ஆகும் என்று ஜெபசீலிக்குத் தெரிந்தே இருந்தது. ஆனாலும் கூப்பிட்டாள்.

"பிரவீனா, எனக்கு மார்ச் பக்கம் வேணும்மா."

"குடுக்கக் கூடாதுன்னு காலையிலயே சொல்லிட்டாங்கக்கா."

"மூணு மணிக்குள்ள வரலைன்னா ஆபரேஷன் இல்ல."

மறுமுனையில் கதவு சாத்தும் சத்தம் கேட்டது. "நான் கேட்டதை யார்கிட்டயும் மறைக்காத," என்றாள் ஜெபசீலி. "என் பேரையே சொல்லு."

போன் அணைந்தது.

இரண்டு பத்து. இரண்டு இருபது. ஜான்பீட்டர் ஜன்னலுக்கும் கட்டிலுக்கும் நடந்துகொண்டிருந்தான். இரண்டு இருபத்தாறுக்குப் பிரவீனாவிடமிருந்து போட்டோ வந்தது. பக்கம் முழுவதும், டாக்டரின் கையெழுத்தும் முத்திரையும் சேர்த்து, ஒரு எழுத்துகூட மங்காமல் எடுத்திருந்தாள். சரிதா செருப்புச் சத்தம் கேட்க ஓடினாள். காப்பீட்டு டாக்டரோடு ஹரிணியே போனில் பேசினாள். "தோற்றம்னு எழுதினவரை இந்தப் பக்கத்தை ஒருமுறை படிக்கச் சொல்லுங்க," என்று அவள் சொன்னது வராந்தாவில் கேட்டது.

இரண்டு ஐம்பத்திரண்டுக்கு அனுமதி வந்தது. ஜெபசீலியைத் தள்ளிக்கொண்டு போகும்போது ஜான்பீட்டர் அழுதுகொண்டிருந்தான். அவளுக்கு அழுகை வரவில்லை.

ஆபரேஷன் நல்லபடி முடிந்தது. பத்தாம் நாள் பிரவீனாவை ஏஜென்சி வேலையிலிருந்து நிறுத்திவிட்டது.

ஐந்தாவது வாரம் ஜெபசீலி பர்கூருக்குப் போனாள். பிரவீனா உட்காரச் சொன்னாள், தண்ணீர் கொடுத்தாள். முகத்தைப் பார்க்காமல்தான் பேசினாள்.

"ஒங்க மேல கோவம் இல்லன்னு சொன்னா பொய்க்கா. ஒங்களுக்கு அதே வேலை இருக்கு. எனக்கு எக்ஸ்பீரியன்ஸ் சர்டிபிகேட்கூடத் தர மாட்டேங்கறாங்க. அது இல்லாம எந்த ஆஸ்பத்திரியில சேப்பாங்க?"

ஜெபசீலியால் தலை நிமிர முடியவில்லை.

"இன்னொண்ணு சொல்றேன்," என்றாள் பிரவீனா. "அந்த ரிஜிஸ்டர்ல ஒங்கள மாதிரியே எடையும் மூச்சுத் தடையும் இருக்குற ஆறு பேரு இருக்காங்க. எல்லாம் கான்ட்ராக்ட்டு. அவங்களுக்கு ஒங்க இன்சூரன்சே கிடையாது. எந்தப் பக்கத்த அனுப்பினாலும் ஒண்ணும் வராது. மாசா மாசம் எடை மட்டும் எழுதிக்கினு இருந்தேன்."

வேலைக்குத் திரும்பிய முதல் நாள், ஷிஃப்டுக்கு அரை மணி முன்னதாகவே ஜெபசீலி நவீன்குமாரின் அறைக்குப் போனாள். கையில் இரண்டு பக்கக் கடிதம். அன்று வாட்ஸ்அப்பில் எழுதிய வரியைத் திரும்பப் பெறுகிறேன். அது நான் அறுவைச் சிகிச்சைக்குக் காத்துக் கிடந்தபோது கேட்டு வாங்கியது. மார்ச் பக்கத்தைக் கேட்டது நான். பிரவீனாவுக்குச் சான்றிதழ் தர வேண்டும். கான்ட்ராக்ட் தொழிலாளர்களையும் காப்பீட்டில் சேர்க்க வேண்டும். நகல் தொழிற்சாலை ஆய்வாளருக்கும் போகிறது.

நவீன்குமார் மெதுவாகப் படித்தான். "யோசிச்சுத்தான் எழுதினீங்களா மேடம்? அடுத்த வருஷம் ஒங்களுக்கே ஃபாலோ-அப் சிகிச்சைக்கு க்ளெய்ம் வரும். அதுவும் என் வழியாத்தான் போகணும்."

"வரும் சார். ரிசீவ்டுன்னு சீல் போட்டுக் குடுங்க."

அவன் வேறு வேலை பார்ப்பதுபோல் கம்ப்யூட்டரைப் பார்த்தான். அவள் உட்காரவில்லை. கால் வலித்தது, மேசை விளிம்பைப் பிடித்துக்கொண்டாள். ஷிஃப்ட் மணி அடித்தது. அவள் நகரவில்லை. கடைசியில் அவன் சீலை எடுத்தான்.

சான்றிதழ் அடுத்த வாரம் பிரவீனாவின் கைக்குப் போனது. கிருஷ்ணகிரியில் ஒரு மருத்துவமனையில் சேர்ந்துவிட்டதாக ஒரு வரி மெசேஜ் மட்டும் அனுப்பினாள். ஆறு பேர் விஷயத்தில் பதில் இல்லை. ஜெபசீலி அவர்களில் நான்கு பேரைக் கேன்டீனில் கண்டுபிடித்துவிட்டாள். அடுத்த கடிதத்தில் அவளுடையதையும் சேர்த்து ஐந்து கையெழுத்து இருக்கிறது.