கடுகளவு கல்லின் இருப்பிடம்

அருங்காட்சியகத்தின் கனிம அறைப் பொறுப்பாளரை எல்லோரும் கல்லக்கா என்றுதான் கூப்பிடுவார்கள். பத்தொன்பது வருடமாக அவளுடைய இழுப்பறையில் பெயர் தெரியாத ஒரு கல் கிடந்தது. கடுகளவுதான் இருக்கும், மஞ்சள் கலந்த பச்சை, நகம் பட்டாலே கீறல் விழும். பெயரில்லாததையெல்லாம் ஒழித்துக் கட்டச் சொல்லி இயக்குநர் குதித்ததும், கீழ்த்தள ஆய்வகத்தில் வேலை பார்க்கும் கொழுந்தனிடம் அது என்ன கல் என்று பார்க்கச் சொல்லிக் கொடுத்தாள்.

மூன்றாம் நாள் அவன் மூச்சிரைக்க மாடியேறி வந்தான்.

"அண்ணி, இது லேசுப்பட்ட கல் இல்ல. இரும்பு டெல்லூரைட். உள்ள தண்ணியும் சேர்ந்திருக்கு. உலகத்துலயே விரல் விட்டு எண்ணுற இடத்துலதான் கிடைக்குமாம்!"

"அப்படியா? கல்லைக் கொடு."

அவன் தன் செருப்பைப் பார்த்தான். "தண்ணி இருக்கான்னு பார்க்கப் பாதியைச் சூடு பண்ணினேன். மீதி அமிலத்துல கரையுதான்னு பார்த்தேன். நல்லாவே கரையுது அண்ணி."

வாயைத் திறந்தால் குடும்பம் இரண்டாகிவிடும் என்று கல்லக்கா பல்லைக் கடித்துக்கொண்டு நின்றாள். அவன் வாயிலிருந்து குப்பென்று பூண்டு வாடை அடித்தது.

"பூண்டு தின்னியா?"

"இல்ல அண்ணி. அந்தக் கல்லுல இருந்த டெல்லூரியம் ஆவியா உள்ள போனா இப்படித்தான் நாறுமாம். போக நாளாகும். என் பொண்டாட்டி என்னை ஹால்ல படுக்கச் சொல்லிட்டா."

கல்லக்கா புது அட்டை ஒன்றை எடுத்தாள். வகை: இரும்பு டெல்லூரைட். நிறம்: மஞ்சள் பச்சை. அமிலத்தில்: கரையும். கடைசிக் கட்டத்தில் 'தற்போதைய இருப்பிடம்' என்று அச்சடித்திருந்தது.

பேனாவை ஓர் உதறு உதறிவிட்டு, 'கொழுந்தன்' என்று எழுதினாள்.