சேக் தாவூதின் அட்டை

1957-இல் டாக்டர் அழகப்பனின் காசநோய் மருத்துவமனைக்குப் புது மாத்திரைகள் வந்தன. ஓராண்டு விடாமல் சாப்பிட்டால் நோய் குணமாகும். பாதியில் நிறுத்தினால் கிருமி எந்த மருந்துக்கும் அடங்காது. வந்ததோ அறுபது பேருக்கு மட்டும். அந்த அறுபது பேரை அழகப்பன்தான் தேர்ந்தெடுத்தார்.

சேக் தாவூது துறைமுகத்தில் மூட்டை சுமப்பவர். கம்போங் கப்பூர் என்ற நெரிசலான குடியிருப்பில், ஒரே அறையில் இரண்டு குடும்பங்களாக இருந்தார்கள். அழகப்பன் அவரிடம் எதையும் விசாரிக்கவில்லை. அட்டையில் 'ஒழுங்காக வரமாட்டார்' என்று ஆங்கிலத்தில் எழுதி, இருமல் மருந்து கொடுத்து அனுப்பிவிட்டார்.

அறுபதில் ஐம்பத்தெட்டுப் பேர் குணமானார்கள். அதைப் பற்றிப் பேச ஜெனீவாவில் நடக்கும் மருத்துவ மாநாட்டிலிருந்து அழைப்பு வந்தது. புறப்படுவதற்கு நான்கு நாள் முன்பு, தாவூதின் மனைவி ருக்கையா வந்தாள்.

"உக்காருங்கம்மா. அவர் வரலையா?"

"மௌத்தாயிட்டாக டாக்டர். போன வெள்ளிக்கிழமை அடக்கம் பண்ணினோம்."

அழகப்பன் அட்டையைத் தேடி எடுத்தார். "அடிக்கடி வந்து காட்டியிருக்கலாமேம்மா."

"வந்தாகளே! மாசாமாசம் மொத ஆளா வந்து நின்னாகளே. மருந்து இல்லைன்னு நீங்கதானே அனுப்பினீங்க?"

அவர் எழுதிய வரிக்குக் கீழே பதினான்கு தேதி முத்திரைகள் இருந்தன. ஒரு மாதமும் விடுபடவில்லை.

"அதுல என்ன எழுதியிருக்கு டாக்டர்?"

எதையாவது சொல்லிச் சமாளித்திருக்கலாம். ஆனால் அவர் தலை நிமிராமலே சொன்னார்: "ஒழுங்கா வரமாட்டார்னு."

"யாரு சொன்னா அப்படி?"

"யாரும் சொல்லலம்மா. நானா எழுதினது."

ருக்கையா முக்காட்டை இழுத்து விட்டுக்கொண்டாள். "எனக்கும் ரெண்டு மாசமா இருமுது," என்றாள். "எனக்காவது குடுப்பீங்களா?"

அந்த வாரம் மறுபடி வந்திருந்த மாத்திரைகளிலிருந்து அன்றே கொடுத்தார். ஆனால் ஜெனீவாவில் ஐம்பத்தெட்டுப் பேரைப் பற்றி மட்டுமே பேசினார், சபை பாராட்டியது. ஊர் திரும்பியதும், நோய் முற்றியவருக்கே முதலில் மருந்து என்று விதியை மாற்றினார். வேலைக்குப் போகிறவர்களின் வீட்டுக்கே விடியற்காலையில் தாதியர் மாத்திரை கொண்டுபோனார்கள். ருக்கையா பிழைத்துக்கொண்டாள். அழகப்பனைப் பார்த்தால் சலாம் சொல்வாள், நின்று பேசமாட்டாள்.

1964-இல் ரங்கூனில், பல நாட்டு மருத்துவர்களுக்குப் பயிற்சி கொடுக்கும்போதுதான் அவர் முதன்முதலாகத் தாவூதைப் பற்றிச் சொன்னார்.

"இதை ஏன் ஜெனீவாவில் சொல்லவில்லை?" என்று ஒரு பெண் மருத்துவர் கேட்டார்.

"என் பேர் கெட்டுவிடும் என்று பயந்தேன்," என்றார் அழகப்பன்.