முப்பிடாதி வாசிக்காத அத்தியாயம்

முப்பிடாதி வாசித்தால் கதையில் யாரும் சாவதில்லை. தீப்பெட்டி ஆபீசில் கட்டைகளில் தீக்குச்சி அடுக்கும் பெண்கள் எல்லோருக்கும் அது தெரியும். சாவு வரும் பக்கத்தில் அவள் குரல் கொஞ்சம் நிதானப்படும். கண் காகிதத்தில் இருக்கும். வாய் வேறு சொல்லும். மாரடைப்பு வந்தவன் பிழைத்துக்கொள்வான். கிணற்றில் விழுந்தவளை யாராவது தூக்கிவிடுவார்கள்.

மாதம் ஒரு நாவல். கோவில்பட்டி பஸ் ஸ்டாண்டுக் கடையில் எல்லோருமாகச் சேர்ந்து வாங்குவார்கள். சாப்பாட்டுக்குப் பிறகு முப்பிடாதி வாசிப்பாள். அந்த நேரத்துக்கு அவள் அடுக்கவேண்டிய கட்டைகளை மற்றவர்கள் ஆளுக்கு ஒன்றாக அடுக்கிக் கொடுத்துவிடுவார்கள். முதலாளி ஒன்றும் சொல்வதில்லை. கதை நடந்தால் பேச்சு குறைந்தது, கை ஓடியது.

முன்பு அவள் வேலை பார்த்த வேறொரு ஆபீசில் தீப்பிடித்து அவள் தங்கை போனாள். அன்று காலையில் முப்பிடாதி வாசித்த கதையில் ஒரு கல்யாணப் பெண் செத்திருந்தாள். அதற்கும் இதற்கும் சம்பந்தமில்லை என்று எத்தனையோ பேர் சொன்னார்கள். "இல்லாட்டா இல்லாம இருக்கட்டும். தீக்குச்சி மருந்து இருக்க எடத்துல நான் சாவு வாசிக்க மாட்டேன்" என்றுவிட்டாள்.

ஷெட்டை ஒட்டிய சின்ன அறையில் உமாதேவி கணக்கு எழுதினாள். நடுவில் தட்டி மட்டும்தான். வாசிப்பது நன்றாகக் கேட்கும். அந்த மாதம் வாங்கிய நாவலை எழுதியவள் அவள்தான். அட்டையில் வேறு பெயர் இருந்தது. உடன் இருக்கும் அண்ணன் குடும்பத்துக்குக்கூட அவள் எழுதுவது தெரியாது.

நாவலில் வருவது சென்னையில் இரண்டு எழுத்தாளர்கள், அரவிந்த், நளினி. ஒரே பத்திரிகையில் எழுதுகிறார்கள். ஒருவர் கதையை மற்றவர் கிழிக்கிறார். கடைசியில் மனம் மாறுகிறது. சொல்வதற்குள் அரவிந்த் செத்துப்போகிறான்.

நாவலில் இருந்த சென்னை பொய். அரவிந்தாக அவள் எழுதியவன் விளாத்திகுளத்துக்காரன், பெயர் பூவனநாதன், கூட்டுறவுச் சங்கத்தில் வேலை. பத்து வருஷமாக அவனும் அவளும் ஒரே வாரப் பத்திரிகையில் எழுதினார்கள். பேசியது ஒரே ஒரு முறை, கோவில்பட்டியில் ஒரு பரிசளிப்பில். "ஒங்க கதையில மழை ரொம்பப் பெய்யுது. எந்தூர்ல பெய்யுது, சொல்லுங்க, போய் நனைஞ்சுட்டு வாரேன்" என்றான். அடுத்த மாதமே வாசகர் பக்கத்தில் அவள் பதில் எழுதினாள்: இவர் கதையில் முகம் கழுவக்கூடத் தண்ணீர் இல்லை. அதற்கு அவன் ஒன்று எழுதினான். அதற்கு அவள். அப்படியே போயிற்று. அந்த மழைச் சண்டையை நாவலிலும் வைத்திருந்தாள்.

போன பங்குனியில் மஞ்சள் காமாலையில் செத்தான். காலையில் பேப்பரில் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுக்குப் போய் விளாத்திகுளம் பஸ்ஸுக்கு முன்னால் நின்றாள். என்ன முறை சொல்லி அந்த வீட்டுக்குள் போவது? பஸ் போயிற்று. வேலைக்கு வந்து கணக்கு எழுதினாள். அதற்குப் பிறகும் அழவில்லை.

நாவலின் கடைசி அத்தியாயத்தை அதற்காகத்தான் எழுதினாள். எங்காவது நாலு பெண்கள் கூடி அவனுக்காக அழட்டும். முப்பிடாதி ஒரு தடவை மட்டும் இருக்கிறபடி வாசித்துவிட்டால், தட்டிக்கு இந்தப் பக்கம் உட்கார்ந்து அவளும் கூட அழலாம். ஒரு கதைக்கு அழுதால் யாரும் ஏன் என்று கேட்க மாட்டார்கள்.

வாசிப்பு தொடங்கியது. பேச்சும் தொடங்கியது.

"எழுதியே சாப்பிடுதாவளாம்! ரெண்டு பேரு வீட்டுலயும் அடுப்பு எரியுமாக்கும்?" என்றாள் வள்ளித்தாய்.

"ஏட்டி, ஒன் மாப்ள எழுதாமலேதான இருக்காவ. ஒங்க வீட்டுல எரியுதா?" என்றாள் பூங்கொடி. சிரிப்பு அடங்கக் கொஞ்ச நேரம் ஆயிற்று.

"அந்த நளினிக்கு வாய் கூட. அவன் பாட்டுக்கு எழுதுதான். இவளுக்கு என்ன?"

"அவன் மட்டும் சும்மாவா கிடக்கான்? அவ எழுதுன ஒவ்வொரு வரியும் படிச்சுல்லா குத்தம் சொல்லுதான்" என்றார் மதலேனம்மாள். அங்கே அவர்தான் வயதில் மூத்தவர். "பிடிக்காதவ எழுதுனத எவனாவது அப்படி உக்காந்து படிப்பானா? அவனுக்கு அவ மேல கிறுக்கு பிடிச்சுப்போச்சுட்டி."

உமாதேவியின் பேனா நின்றது. அரவிந்தின் மனத்தை அவள் சொந்தமாகக் கட்டி எழுதியிருந்தாள். பூவனநாதனுக்கு அப்படி ஒரு மனம் இருந்திருக்கும் என்று நினைத்து எழுதவில்லை. இப்போது அவன் எழுதிய வரிகள் ஒவ்வொன்றாக ஞாபகம் வந்தன. அவள் கதையில் எந்தப் பக்கத்தில் மழை பெய்தது என்பதுவரை குறிப்பிட்டு எழுதியிருந்தான்.

கடைசி அத்தியாயத்து நாள். முப்பிடாதி சாப்பிட்ட கையைக் கழுவிக்கொண்டிருந்தாள். உமாதேவி பக்கத்தில் போய் நின்றாள்.

"யக்கா, இன்னைக்கு மட்டும் இருக்கிறபடி வாசிங்களேன்."

"எது இருக்கிறபடி?"

"முடிவு. அவன் செத்துப்போறான்."

"அதான் முன்னாலயே பாத்துட்டேனே. காமாலையாம். நாட்டுமருந்து குடுத்து எழுப்பிருவேன்."

"வேண்டாம்க்கா. எழுதுனவ அப்படித்தான எழுதியிருக்கா."

"எழுதுனவளுக்கென்ன உமாம்மா, மெட்ராஸ்ல கரண்டு காத்தாடிக்குக் கீழ இருந்து ஆளக் கொல்லுதா. நான் மருந்துக்குப் பக்கத்துல இருந்து வாசிக்கேன்."

"அவன் நெசமாவே செத்துட்டான்க்கா."

குழாயை மூடிவிட்டு முப்பிடாதி அவளைப் பார்த்தாள். பிறகு முந்தானையில் கையைத் துடைத்தபடி ஷெட்டுக்குள் போனாள்.

உமாதேவி தட்டியருகே நாற்காலியை இழுத்துப்போட்டுக்கொண்டாள். ஆஸ்பத்திரி வந்தது. முப்பிடாதியின் குரல் நிதானப்பட்டது. தாள் புரண்டது. குச்சி அடுக்கும் சத்தம் மட்டும்.

"அரவிந்த் கண்ணைத் திறந்தான்" என்றாள் முப்பிடாதி.

அவன் கஞ்சி குடித்தான். ஊருக்கு வந்தான். நளினி வீட்டுக் கதவைத் தட்டினான். "இன்னும் மழை பெய்யுதா?" என்று கேட்டான். அப்படி ஒரு வரி நாவலில் எங்குமே இல்லை. உமாதேவி வாயைப் பொத்திக்கொண்டாள். நளினி என்ன சொன்னாளாம் என்று பூங்கொடி கேட்டாள். "உள்ள வாங்க, நனையாதீங்கன்னா" என்றாள் முப்பிடாதி. பெண்கள் கை தட்டினார்கள்.

"நல்லா முடிச்சிருக்கா. இவளுக்கு எழுத வருது."

"கல்யாணத்துக்குப் பொறவும் ரெண்டு பேரும் எழுதுவாவளா, இல்ல இவளச் சோறாக்கச் சொல்லிருவானா?"

"அத அடுத்த புஸ்தகத்துல எழுதுவா, பாரு."

சாயங்காலம் புதூர்ப் பக்கத்துப் பெண்கள் ஆபீஸ் வண்டிக்காக கேட் ஓரமாக நின்றார்கள். முப்பிடாதி புத்தகத்தோடு கணக்கு அறைக்கு வந்தாள்.

"வாங்க, வெளிய போவோம். இங்கன வேண்டாம்."

கேட்டைத் தாண்டி, வண்டித்தடத்தையும் தாண்டி நடந்தாள். மிளகாய்ச் செடி கருகிப்போன ஒரு புஞ்சையில், கரிசல் வெடித்துக்கிடந்த இடத்தில் உட்கார்ந்தாள். உமாதேவியும் உட்கார்ந்தாள். முப்பிடாதி கடைசி அத்தியாயத்தை எடுத்து, இருக்கிறபடியே வாசித்தாள். பழக்கமில்லாததால் தடுமாறினாள். அரவிந்த் செத்தான். நளினி பேப்பரில் பார்த்தாள். பஸ் ஸ்டாண்டுவரை போனாள். பஸ் போயிற்று. திரும்பிவிட்டாள்.

முப்பிடாதி புத்தகத்தை மூடி மடியில் வைத்தாள்.

"நல்லா இருக்காக்கா?"

"எழுத்து நல்லாத்தான் இருக்கு. ஆனா இவ போயிருக்கணும்."

"எந்த மொறையில போவா?"

"சண்டைக்காரின்னு போறது" என்றாள் முப்பிடாதி. "பத்து வருசமா மொகத்துல முழிக்காத பங்காளி எழவுக்கு வந்து நிக்கதில்லையா? நீ யாருன்னு எவன் கேக்கான்? வழி விடுதான். சண்டைக்காரிக்கு இல்லாத மொறையா?"

உமாதேவிக்கு அந்த வழக்கம் தெரியும். சொந்த ஊரில் எத்தனையோ சாவு வீடுகளில் பார்த்திருக்கிறாள். அப்பா செத்தபோது, வாய்க்கால் தகராறில் அவர் மண்டையை உடைத்தவன் வந்து கால்மாட்டில் நின்றான். அம்மாதான் அவனுக்கு இடம் விட்டாள். பஸ் ஸ்டாண்டில் நின்றபோது அவளுக்கு அது நினைவில் வரவில்லை. நாவல் எழுதிய நாலு மாதத்திலும் வரவில்லை. அவள் தேடியதெல்லாம் காதலுக்கு ஒரு முறை.

வண்டி வந்து ஹாரன் அடித்தது. வள்ளித்தாய் கூப்பிடும் குரல் கேட்டது. முப்பிடாதி எழுந்திருக்கவில்லை. ஒப்பாரிக்கு உட்காருகிறவளைப் போலக் கூந்தலை அவிழ்த்துப் பின்னால் தள்ளிவிட்டு, உமாதேவியின் தோளில் கை போட்டுத் தன் பக்கம் சாய்த்தாள்.

"அவன் பேரு என்ன?"

உமாதேவி சொன்னாள்.